நான் தோற்ற கணிதத் தாள்

1

வெளிநாட்டுக்குப் படிக்கப் போவது எப்படி என்று எழுதித் தரும்படி எங்கள் சபையின் ஆண்டு மலருக்காக இரண்டு முறை கேட்டிருக்கிறார்கள். சின்னக்கானல் தேயிலை எஸ்டேட் லயத்திலிருந்து ஜெர்மனிக்கு மேல்படிப்புக்கு வந்தவள் என்ற முறையில் என்னைக் கேட்டது நியாயம்தான். நேரமில்லை என்று சொல்லி இரண்டு முறையும் நழுவிவிட்டேன். இப்போது எழுதுகிறேன். அவர்கள் எதிர்பார்த்தது இதுவாக இருக்காது.

நான் இங்கே வந்து பதினோரு வருடம் நிறைந்த வாரத்தில் என் தங்கை ஜாஸ்மின் கூப்பிட்டாள். இங்கே காலை ஒன்பதரை. அங்கே மதியச் சாப்பாட்டு நேரம். கொழுந்துக் காட்டுக்கு மேலே சிக்னல் கிடைக்கும் ஒரு பாறை உண்டு. வேலை நேரத்தில் கூப்பிட்டால் அதில் உட்கார்ந்துதான் பேசுவாள்.

"எக்கா, ஒரு விசயம் சொல்லுதேன். சிரிக்கக் கூடாது."

"சொல்லு."

"நான் பி.ஏ.வுக்குச் சேந்துட்டேன். எகனாமிக்ஸ். வீட்டுல இருந்தே படிக்கது. ஞாயித்துக்கிழம மட்டும் மூணார்ல கிளாஸ்."

நான் சிரிக்கவில்லை. அவளுக்கு வயது முப்பது. கல்யாணமாகி ஒரு மகன் இருக்கிறான். கணவர் செல்வின் சுற்றுலாப் பயணிகளுக்கு ஜீப் ஓட்டுகிறார். காலை ஏழரைக்கு மஸ்டரில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், பேர் கொடுத்துக் காட்டுக்குப் போனால் மாலை வரை கொழுந்து வெட்டுகிற வேலை. இதற்கு நடுவே பி.ஏ.

"உன்னயப் பாத்துத்தான் எகனாமிக்ஸ் எடுத்தேன்" என்றாள். "மத்ததெல்லாம் படிச்சிருவேன். ஒரு பேப்பர்தான் பயமா இருக்கு. மேத்தமாட்டிக்கல் மெதட்ஸ் ஃபார் எகனாமிக்ஸ். அதுக்குத்தான் நீ இருக்கியே."

"இருக்கேன்" என்றேன்.

பேசி முடித்ததும் கையுறையை மாட்டிக்கொண்டு பதினேழாம் எண் அறைக்குப் போனேன். அங்கே தொண்ணூறு வயதைக் கடந்த ஒரு பெரியவர் காலுறை போட்டுவிட ஆள் வரட்டும் என்று கட்டிலில் காத்திருந்தார். நான் வேலை செய்வது முதியோர் இல்லத்தில். ஜாஸ்மின் பயப்படுகிற அதே தாளை எழுதித்தான் மூன்று முறை தோற்றேன். என்னிடம் ஜெர்மன் பட்டம் எதுவும் கிடையாது. இதில் ஒன்றுகூட அன்றைக்கு ஊரில் யாருக்கும் தெரியாது.

2

எஸ்டேட் வீட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். லயத்து வீடு நம்முடையது அல்ல. குடும்பத்தில் ஒருவர் பெயர் செக்ரோலில், அதாவது எஸ்டேட்டின் தொழிலாளர் பதிவேட்டில், இருக்கும் வரை அதில் இருக்கலாம். அந்த ஆள் ஓய்வு பெற்றால் வீட்டில் இன்னொருவர் பெயர் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சாமான்களைக் கட்ட வேண்டும். எங்கள் வீட்டில் அந்தப் பெயர் அம்மாவுடையது. எஸ்தர். அப்பா சாமுவேல், நான் பள்ளியில் படிக்கும்போதே இறந்துவிட்டார்.

நான் பாலக்காட்டில் விடுதியில் தங்கி எம்.ஏ. பொருளியல் படித்தேன். சின்னக்கானலிலிருந்து பாலக்காடு போவதற்கு நான் வழக்கமாகப் பிடிக்கும் வழி மூணாறு, மறையூர், உடுமலை, பொள்ளாச்சி. கேரளத்தை விட்டு இறங்கி, தமிழ்நாட்டைக் கடந்து, கோபாலபுரத்தில் மறுபடியும் கேரளத்துக்குள் நுழைய வேண்டும். சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்திப் பையைத் திறந்து பார்ப்பார்கள். ஒரு முறை ஓர் அதிகாரி என் புத்தகங்களை எடுத்து வைத்துவிட்டு, "தமிழ்நாட்டில் எவிடெயா?" என்று கேட்டார். கேரளம்தான், இடுக்கி என்றேன். "பின்னெ எந்தா தமிழ்?" என்று சிரித்துக்கொண்டே பையை மூடினார். பின்னால் உட்கார்ந்திருந்த கொழிஞ்சாம்பாறைப் பெரியம்மா ஒருவர், "உடுங்க கண்ணு, நாங்களும் இங்கதான் பொறந்தோம், எங்களயும் இப்படித்தான் கேக்கறாங்க" என்றார். இரண்டு பக்கமும் நம்மை வெளியாள் என்று நினைக்கிற அந்தச் சாவடியைத் தாண்டியே படித்துப் பழகியதால், வெளிநாடு ஒன்றும் புதிதாக இருக்காது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எம்.ஏ. முடித்துவிட்டுக் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் கொஞ்ச நாள் வேலை பார்த்துக்கொண்டே வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தேன். ஜெர்மனியிலிருந்து அனுமதிக் கடிதம் வந்த அதே வருடம் அம்மா ஓய்வு பெற வேண்டியிருந்தது. மூன்று பேரும் எஸ்டேட் ஆபீசுக்குப் போனோம். கிளார்க் நல்ல மனிதர்.

"எஸ்தர் சேச்சி பிரியும்போள் ஒரு ஒழிவு வரும்" என்றார். ஒழிவு என்றால் மலையாளத்தில் காலி இடம். "ஆரெங்கிலும் பேர் கொடுக்குந்நுண்டோ? மூத்தவள் உண்டல்லோ."

மூத்தவள் நான். என் பையில் அனுமதிக் கடிதம் இருந்தது. ஜாஸ்மினுக்கு அப்போது பத்தொன்பது வயது. நெடுங்கண்டத்தில் ஒரு கல்லூரியில் பி.காம். இடம் கிடைத்து, வகுப்பு தொடங்கக் காத்திருந்தாள்.

"நான் பேர் குடுக்கேன் சார்" என்றாள் ஜாஸ்மின்.

அம்மா அவளைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

வெளியே வந்ததும் ஜாஸ்மின் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "ரெண்டு வருசந்தானக்கா. நீ முடிச்சு வேலைக்குப் போயிட்டா, அம்மாவ வெளிய ஒரு வீட்டுல வச்சிருவோம். அப்பறம் நான் காலேஜ் போறேன். எனக்கு என்ன வயசாயிருச்சு?"

3

பாலக்காட்டில் நான் படித்த பொருளியல் பத்து மார்க் கேள்விகளால் ஆனது. வளைகோடுகளை அழகாக வரைவேன். அச்சுகளுக்குப் பெயர் எழுதி, கீழே மூன்று பக்கம் விளக்குவேன். கை வலிக்க வலிக்க எழுதி நல்ல இடம் வாங்கினேன். கணிதம் என்று ஒன்று பாடத்திட்டத்தில் இருந்தது. மாதிரிக் கணக்குகளை மனப்பாடம் செய்தால் போதும்.

இங்கே முதல் பருவத்தில் முதல் வகுப்பே பொருளியலுக்கான கணித முறைகள். ஆசிரியர் உள்ளே வந்தார். வணக்கம் சொன்னார். பலகையில் ஒரு வரையறை எழுதினார். அதிலிருந்து ஒரு தேற்றம். பிறகு அதன் நிரூபணம். பொருள் என்ற சொல்லோ, விலை என்ற சொல்லோ ஒன்றரை மணி நேரத்தில் ஒரு தரம்கூட வரவில்லை. கணத்தின் எல்லை எது, அது மூடியதா, திறந்ததா, ஒரு சார்புக்கு உச்சம் இருந்தே தீரும் என்று எப்படிச் சொல்ல முடியும்? என் பக்கத்தில் இருந்த பையன்கள் தலையாட்டிக்கொண்டே எழுதினார்கள். நான் பலகையில் இருந்ததை அப்படியே நோட்டில் இறக்கினேன். அறைக்கு வந்து பிரித்துப் பார்த்தால் அதில் என் கையெழுத்து மட்டும்தான் எனக்குப் புரிந்தது.

உழைக்கவில்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நூலகம் திறக்கும்போது வாசலில் நிற்பேன். ஒரு நிரூபணத்தை இருபது முறை எழுதிப் பார்ப்பேன். இருபத்தோராவது முறை அதில் ஓர் எழுத்தை மாற்றிக் கேட்டால் அப்படியே நின்றுவிடுவேன். மனப்பாடம் செய்தே முன்னேறி வந்தவளுக்கு வேறு வழி தெரியவில்லை. யாரிடமாவது கேட்கலாம். ஆனால் எதைக் கேட்பது என்பதுகூடத் தெரியாத நிலை அது.

முதல் முறை தோற்றேன். இரண்டு மாதம் கழித்து மறுதேர்வு. அதிலும் தோற்றேன்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. தோற்ற தாளைப் போய்ப் பார்க்கலாம். நாள், நேரம் குறித்துக் கடிதம் வரும். பேனா, பென்சில் எதுவும் கொண்டுபோகக் கூடாது. இருபது நிமிடம். உதவியாளர் ஒருவர் பக்கத்திலேயே நிற்பார். என் தாளில் நான்காவது கேள்விக்கு ஒரு படம் வரைந்து, முழுப் பக்கம் விளக்கம் எழுதியிருந்தேன். ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு சொல். 'நிரூபணம்?'

அந்த உதவியாளர் பெண்ணிடம், "படத்தைப் பார்த்தாலே தெரிகிறதே" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. "படத்தில் தெரிகிறது என்பது சரி. ஏன் எப்போதும் அப்படித்தான் இருக்கும் என்று கேட்கிறோம்" என்றாள்.

ஒரு பாடத்தை மூன்று முறைதான் எழுதலாம். மூன்றாவது முறையும் தோற்றால் பல்கலைக்கழகம் பெயரை நீக்கிவிடும். அதோடு போகாது. அதே படிப்பை இந்த நாட்டில் வேறு எந்தப் பல்கலைக்கழகத்திலும் படிக்க முடியாது. கதவு ஒன்று சாத்தினால் எல்லாக் கதவும் சாத்திய மாதிரி. அடுத்த குளிர்காலம் மூன்றாவது முறை எழுதினேன். இரண்டு புள்ளி குறைந்தது. 'இறுதியாகத் தேர்ச்சி பெறவில்லை' என்று கடிதம் வந்தது. என் பெயருக்குக் குடும்பப் பெயர் இல்லாததால் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரைச் சேர்த்திருந்தோம். அதனால் இங்கே எல்லாக் கடிதமும் 'திருமதி சாமுவேல்' என்றே வரும். அந்தக் கடிதமும் அப்படித்தான் வந்தது. பரீட்சையில் அப்பாவே தோற்றுப்போன மாதிரி இருந்தது.

அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வெளிநாட்டினர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். படிப்பு இல்லாவிட்டால் தங்கும் அனுமதியும் இல்லை. வரிசைச் சீட்டு எடுத்து, எண் வந்ததும் உள்ளே போய் உட்கார்ந்தேன். தேர்ச்சி பெறுவதற்கு ஜெர்மன் மொழியில் 'பெஷ்டாண்டன்' என்பார்கள். 'கெஷ்டாண்டன்' என்றால் குற்றத்தை ஒப்புக்கொள்வது. பதற்றத்தில் நான், "கணிதத்தில் நான் ஒப்புக்கொள்ளவில்லை" என்று சொல்லிவிட்டேன்.

அந்த அம்மாள் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "எதை ஒப்புக்கொள்ளவில்லை?" என்று கேட்டார். பிறகு கடிதத்தைப் படித்ததும் புன்னகைத்துத் திருத்தினார். நானும் சிரித்தேன். எனக்கு இரண்டு வழி இருப்பதாக அவர் நிதானமாகச் சொன்னார். குறித்த காலத்துக்குள் ஊருக்குத் திரும்பலாம். அல்லது அதற்குள் ஏதாவது தொழிற்பயிற்சியில் இடம் பிடிக்கலாம். முதியோர் பராமரிப்புக்கு ஆள் தேவைப்படுகிறது என்று ஒரு தாளையும் கொடுத்தார்.

திரும்பிப் போவதென்றால் எங்கே போவது என்று எனக்கு நன்றாகத் தெரியும். மூத்தவள் உண்டல்லோ. அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

4

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேசினேன்.

"படிப்பு முடிஞ்சுதா பிரிசி?" என்று கேட்டாள். என் பெயர் பிரிசில்லா. வீட்டில் பிரிசி.

"முடிஞ்சுதும்மா" என்றேன்.

இதில் பொய் எங்கே இருக்கிறது? முடிந்துதான் போயிருந்தது. பயிற்சியில் இடம் கிடைத்ததும், "வேலை கெடச்சிருச்சும்மா" என்றேன். அதுவும் உண்மை. அம்மா போதகரிடம் சொன்னாள். ஆராதனையில் என் பெயரை வாசித்து நன்றி ஜெபம் செய்தார்கள். அந்த வீடியோவை ஜாஸ்மின் அனுப்பியிருந்தாள். வெள்ளைச் சேலையில் அம்மா எழுந்து நிற்கிறாள். ஒரு பொய்யும் சொல்லாமல் எவ்வளவு பெரிய பொய்யைக் கட்டிவிட முடியும் என்று அதைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கட்டிய பிறகு உள்ளே இருந்து திறப்பதற்குத் தாழ்ப்பாள் இல்லை.

"அக்கா, என் காலேஜ் விசயம்?" என்று ஜாஸ்மின் கேட்டாள். "இன்னும் கொஞ்சம் பொறு" என்றேன். பயிற்சி மூன்று வருடம். அவள் மூன்று வருடமும் பொறுத்தாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். அடுத்த வருடம் செல்வினைக் கல்யாணம் செய்துகொண்டாள். படத்தில் அவள் கைகளில் மருதாணியைத் தாண்டித் தேயிலைக் கறை தெரிந்தது.

எனக்கும் இங்கேயே குடும்பம் ஆனது. என் கணவர் தொடுபுழைக்காரர். மலையாளி. இதே ஊர் மருத்துவமனையில் நர்ஸ். அவருக்கு எல்லாம் தெரியும். "இனி இதொக்கெ எந்தினா பறயுந்நது?" என்பார், இனி எதற்கு இதையெல்லாம் சொல்வது என்று. மகள் ரூத்துக்கு ஆறு வயது. கனவில்கூட ஜெர்மனில்தான் பேசுகிறாள். என்னிடம் பேசும்போது அப்பாவின் மலையாளமும் என் தமிழும் கலந்து ஒரு மொழி வரும். அது எங்கள் மூன்று பேரைத் தவிர உலகத்தில் யாருக்கும் புரியாது என்று நினைத்திருந்தேன்.

காலைப் பணி ஆறு மணிக்குத் தொடங்கும். எட்டுப் பேரை எழுப்பிக் கழுவி, உடுத்தி, மாத்திரை கொடுத்து, காலை உணவு மேசைக்குக் கொண்டுவர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நேரம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து உண்டு. இந்த வேலை எனக்குப் பிடிக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் எந்தப் படிவத்திலும் 'உயர்ந்த கல்வித் தகுதி' என்ற கட்டத்துக்கு வரும்போது பேனா நின்றுவிடுகிறது. போன வருடம் நிரந்தரமாகத் தங்குவதற்கான விண்ணப்பத்திலும் நின்றது. பாலக்காடு எம்.ஏ. என்று எழுதினேன். அந்த அதிகாரி, "அதற்குப் பிறகு இங்கே படிக்க வந்தீர்கள் இல்லையா? என்ன ஆயிற்று?" என்று கேட்டார். கணினியில் எல்லாம் இருக்கிறது. இந்த ஊரில் எந்த அதிகாரி பொத்தானை அழுத்தினாலும் நான் தோற்றது தெரிந்துவிடும். என் வீட்டுக்கு மட்டும்தான் தெரியாது.

5

ஜாஸ்மினுக்கு வகுப்பு தொடங்கியது. புத்தகம் ஆங்கிலத்தில். வகுப்பு மலையாளத்தில். அவள் பள்ளியில் படித்தது தமிழில்.

"எக்கா, அவகலஜம்னு ஒண்ணு சொல்லுதாரு சார். என்னது அது?"

"வகைக்கெழு. நீ பிளஸ் டூல படிச்சிருக்க."

"அட, வகைக்கெழுவா! அதான் எங்கயோ பாத்த மாதிரி இருக்குன்னு பாத்தேன்" என்று சிரித்தாள். ஆங்கிலப் பெயர் போக, எனக்கு அதற்கு நான்காவதாக ஜெர்மன் பெயரும் தெரியும். ஆப்லைட்டுங். நான்கு மொழியில் பெயர் தெரிந்த ஒன்று எனக்கு ஒரு மொழியிலும் உதவவில்லை.

முதல் சில வாரம் சமாளித்தேன். அணிகள், வகைக்கெழு, எளிய உச்சம். அவளுடைய பாடத்திட்டம் நான் தோற்ற பாடத்தைவிட எளிது. ஆனாலும் அவள் படம் எடுத்து அனுப்பும் ஒவ்வொரு கணக்கையும் பயந்துகொண்டேதான் திறந்தேன். விடை தெரிந்த கணக்கைக்கூட மூன்று முறை சரிபார்த்துத்தான் அனுப்பினேன். ஒரு நாள் கட்டுப்பாட்டுடன் உச்சம் காணும் கணக்கு ஒன்றை அனுப்பினாள். ஈரமான பாறைமேல் நோட்டை வைத்து எடுத்த படம். கணக்கு சரியாகவே இருந்தது.

"விட வருதுக்கா. எக்ஸ் தெரியுது, ஒய் தெரியுது. இந்த லாம்டா எதுக்கு வருது? அது எதச் சொல்லுது? சார்கிட்டக் கேட்டா, அது வேண்டா, எக்ஸாமினு வரில்லங்காரு."

இதே கேள்வி என் மூன்றாவது தேர்வில் இருந்தது. நான் எழுதியதும் நினைவிருக்கிறது. அதற்குக் கிடைத்த புள்ளியும் நினைவிருக்கிறது.

"இப்ப வேலையா இருக்கேன் ஜாஸ்மின். அப்பறம் சொல்லுதேன்" என்றேன்.

அப்புறம் சொல்லவில்லை. அடுத்த வாரம் கேட்டாள். அப்போதும் வேலை. அதற்கடுத்த வாரம் கேட்டது வேறு விஷயம்.

"எக்கா, நான் உன்னயத் தொந்தரவு பண்ணுதேனா? பெரிய படிப்புப் படிச்சவங்களுக்கு இதெல்லாம் சின்னப்பிள்ளக் கணக்கா இருக்கும். எனக்குப் புரியுது."

"அப்படியெல்லாம் இல்லடி."

"பரவாயில்லக்கா. நானே பாத்துக்கிடுதேன்."

அதற்குப் பிறகு படம் வருவது நின்றுவிட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

6

ஒரு ஞாயிறு நான் பணியில் இருந்தேன். கணவர் துணி காயப்போடப் பின்பக்கம் போயிருந்தார். அவர் போனுக்கு ஜாஸ்மின் வீடியோவில் கூப்பிட்டபோது ரூத் எடுத்திருக்கிறாள். மறுநாள் மதியம் ஜாஸ்மின் எனக்குக் கூப்பிட்டாள். நான் பணி முடிந்து ஆற்றோரமாக நடந்து வந்துகொண்டிருந்தேன்.

"நேத்து ரூத்கிட்டப் பேசினேன்."

"சொன்னா."

"அம்மா எங்கன்னு கேட்டேன். ஜோலிக்குப் போயின்னா. ஞாயித்துக்கிழம ஆபீஸான்னு கேட்டேன். ஆபீஸ் இல்ல, அம்மா ஓமாக்களக் குளிப்பிக்கும்னா. ஓமான்னா யாருடின்னு கேட்டா, கிழவிங்கா. எத்தன பேருன்னு கேட்டேன். எட்டுன்னு விரல எண்ணிச் சொல்லுதா." கொஞ்சம் நிறுத்தினாள். "எக்கா, நீ என்ன வேல பாக்க?"

எங்கள் மூன்று பேருக்கு மட்டும்தான் புரியும் என்று நினைத்திருந்த மொழி மூணாறு மலைவரை புரிந்திருந்தது.

சொன்னேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முதியோர் இல்லம், பயிற்சி, கடிதம், மூன்று முறை.

"அதே பேப்பரா?"

"அதே பேப்பர்தான்."

அவள் பக்கத்தில் யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம் கேட்டது. கொழுந்து ஏற்ற வரும் டிராக்டரின் சத்தமும் தூரத்தில் கேட்டது.

"எப்ப?"

"வந்த ரெண்டாவது வருசம்."

"எனக்கு அப்ப இருபது" என்றாள். கணக்குப் போடுகிற குரல். "நீ பெயிலானது எனக்குப் பெரிசில்லக்கா. கிழவிகளக் குளிப்பாட்டுறதும் கேவலமில்ல. நான் யோசிக்கது அது இல்ல. அன்னைக்கே சொல்லியிருந்தா நீ திரும்பி வந்துருப்ப. நீ வந்து பேர் குடுத்துருப்ப. நான் போயிருப்பேன். இருபது வயசுதான? காலேஜ்ல சேத்துருப்பாக."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"அது தெரிஞ்சுதான் சொல்லல."

இதை நான் அதுவரை எனக்குள்கூடச் சொல்லிக்கொண்டதில்லை. வெட்கத்தால் மறைத்தேன், அம்மா மனது உடையும் என்று மறைத்தேன் என்றெல்லாம்தான் வைத்திருந்தேன். வாயைத் திறந்ததும் வந்தது இதுதான்.

ஜாஸ்மின் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சரி. வண்டி வந்துருச்சு. கொழுந்த எட போடணும்" என்று வைத்துவிட்டாள்.

7

ஏழு வாரம் பேசவில்லை. நான் கூப்பிட்டால் எடுக்க மாட்டாள். அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை என்பது அம்மா என்னிடம் வழக்கம்போலப் பேசியதிலிருந்து தெரிந்தது. அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. ஒருத்தி சுமந்ததை இருவர் சுமக்கும்படி செய்துவிட்டேன், அவ்வளவுதான்.

ஒரு விடுமுறை நாளில் உட்கார்ந்து லாம்டாவைப் பற்றித் தமிழில் எழுதினேன். கட்டுப்பாட்டை ஓர் அலகு தளர்த்தினால் உச்சம் எவ்வளவு கூடும் என்பதைத்தான் அது சொல்கிறது என்று தொடங்கி, ஒரு சின்னக் கணக்கைப் போட்டுக் காட்டி, படிப்படியாக. நிரூபணமும் எழுதினேன். யாரும் கடிகாரத்தைப் பார்க்காதபோது அது எனக்கு வந்தது. இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்பதற்கு நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை.

தேர்வு எழுதப் போய்வந்தாள் என்று அம்மா சொன்னாள். வழியில் யானை நின்றதால் முதல் நாள் பஸ் தாமதமாம். ஜீப்பில் செல்வின் கொண்டுபோய் விட்டாராம்.

போன சனிக்கிழமை காலை ஜாஸ்மினின் பெயர் திரையில் வந்தது. இரண்டு முறை தவறாக அழுத்திவிட்டுத்தான் எடுத்தேன்.

"எக்கா, போச்சு" என்றாள்.

"என்ன போச்சு?"

"ரிசல்ட்டு. மத்த எல்லாத்துலயும் பாஸ். கணக்குப் போச்சு. உன் லாம்டா மட்டும் கேட்டுருந்தா எழுதியிருப்பேன். அது வரல, அணியா வந்துருச்சு."

என் வாயிலிருந்து தன்னால் வந்த வார்த்தை இது: "யார்கிட்டயும் சொல்லாத ஜாஸ்மின். அம்மாகிட்ட இப்பச் சொல்லிராத. அடுத்த தடவ எழுதிட்டுச் சொல்லிக்கலாம்."

"சொல்லாமலா?" என்றாள். "நேத்துக் காலைல மஸ்டர்லயே சொல்லிட்டேன். போன்ல பாத்த ஒடனே, 'கணக்குல பெயிலு'ன்னு சத்தமாச் சொன்னேன். மேரியக்கா, அடுத்த தடவ பாத்துக்கிடலாம்டின்னாக. சூப்பர்வைசர் சார், அவரு பத்தாங்கிளாஸ மூணு தடவ எழுதுனாராம், அதச் சொல்லிச் சிரிச்சாரு. அப்பறம் காட்டுக்குப் போயிட்டோம்."

"அவ்வளவுதானா?"

"வேற என்னக்கா இருக்கு அதுல?"

நான் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தேன். பக்கத்து அறையில் ரூத் ஏதோ ஜெர்மன் பாட்டு பாடிக்கொண்டிருந்தாள்.

"எக்கா" என்றாள் ஜாஸ்மின். குரல் கொஞ்சம் மாறியிருந்தது. "எனக்கு உன்மேல கோவம் போகல. போவும்னும் சொல்ல மாட்டேன். ஆனா இத நான் சுமக்க மாட்டேன். வீட்டுலதான் நிக்கேன், அம்மா இங்கனதான் இருக்கா. குடுக்கட்டா?"

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வேலை இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தைகள் எல்லாம் எனக்கு நன்றாகப் பழக்கம்.

"குடு" என்றேன்.

போன் கை மாறும் சத்தம். அம்மா எப்போதும்போல உரக்கத் தொடங்கினாள். "பிரிசி, கேட்டியா, இவ பெயிலாயிட்டாளாம்."

"கேட்டேம்மா. நானும் ஆனேன்."

"நீயும் என்னது?"

"நானும் இந்தக் கணக்குலதாம்மா பெயில் ஆனேன். மூணு தடவ. படிப்ப முடிக்கல. முடிஞ்சுதுன்னு சொன்னேன்ல, அது முடிக்கலம்மா. அனுப்பிட்டாக."

வீட்டு வாசலில் கோழி கத்துவது கேட்டது. ஆராதனையில் எழுந்து நின்றதை அம்மா நினைத்துப் பார்க்கிறாளோ என்று பயந்தேன்.

"எத்தன வருசமாச்சு?"

"பத்து வருசம்."

"அப்ப இத்தன நாளா என்ன வேல பாக்க?"

"வயசானவுக இருக்கிற இல்லம்மா. அவுகளக் குளிப்பாட்டி, துணி மாத்தி, சாப்பாடு குடுத்து, மருந்து குடுத்து... அந்த வேல."

கோபம் வரும், அழுகை வரும் என்று காத்திருந்தேன். அம்மா கேட்டது வேறு.

"அவுகளுக்குப் பிள்ளைக இல்லையா?"

"இருக்காகம்மா" என்றேன். "தூரத்துல இருக்காக."